நடுத்தர ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு ஏன் இவ்வளவு விலை?

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று, சாலைக்கான விற்பனை நின்றுபோன யமஹா ஆர்6. இன்னொன்று, அதன் இடத்தில் இன்று விற்கும் ஆர்7. "அண்ணா, அதுல 118 குதிரை. இதுல 73தான். ஆனா பைக் விலை மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. கம்மியா கொடுத்துட்டு அதிகமா வாங்குறாங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. விலைச்சீட்டில் உள்ள எண் ஏறியிருக்கிறதா? பணத்தின் மதிப்பு இறங்கியதைக் கழித்துப் பார்த்தால் ஏறியிருக்கிறதா? அந்தக் காலத்தில் வாங்கியதும் இப்போது வாங்குவதும் ஒரே சாமான்தானா? மூன்றுக்கும் தனித்தனிப் பதில் உண்டு. அவரிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில், நடுத்தர ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் எது? சுமாராக 600 சி.சி.-யிலிருந்து 900 சி.சி. வரை எஞ்சின், முழு ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் வெளிக்கூடு), தாழ்ந்த ஹேண்டில்பார், முன்னே குனிந்து உட்காரும் அமைப்பு. இன்று இப்படிப் பொதுவாகச் சொல்லிவிடலாம். 20 ஆண்டுகளுக்கு முன்பு இந்த வகை என்றாலே பெரும்பாலும் ஒரே சமையல்குறிப்புதான்: நான்கு சிலிண்டர், 600 சி.சி. அதற்குக் காரணம் பந்தயம். உலக சூப்பர்ஸ்போர்ட் பந்தயத்தின் விதி, நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 600 சி.சி. வரை அனுமதித்தது. மூன்று சிலிண்டருக்கு 675, இரண்டு சிலிண்டருக்கு 750. அந்தப் பந்தயம் 1999-ல் உலக சாம்பியன்ஷிப் ஆனது. அதே ஆண்டுதான் முதல் ஆர்6 வந்தது. கடையில் விற்கும் பைக்கை அடிப்படையாக வைத்துத்தான் அந்தப் பந்தயம் நடக்கும் என்பதால், ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாசாகி நான்கும் பந்தயத்தில் ஜெயிக்கக்கூடிய வண்டிக்கு விளக்கும் நம்பர் பிளேட்டும் மாட்டி விற்றன என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்ட எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம், ஏனென்றால் விலைக் கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது. 2006-க்குப் பிறகு வந்த ஆர்6-ன் பிஸ்டன் 67 மில்லிமீட்டர் அகலம். அது மேலும் கீழும் நகரும் தூரமோ 42.5 மில்லிமீட்டர் மட்டுமே. அகலமாக, குட்டையாக இருப்பதால் மிக வேகமாகச் சுழல முடியும். அதன் உச்சத் திறன் வருவது 14,500 ஆர்.பி.எம்.-ல், அதாவது நிமிடத்துக்கு 14,500 சுழற்சியில். அந்த வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 7,250 முறை திறந்து மூட வேண்டும். அதற்குத் தாக்குப்பிடிக்க வால்வுகளை டைட்டேனியத்தில் செய்தார்கள். இத்தனை செலவும் எதற்கு? ஆர்.பி.எம். காட்டும் ஊசி அந்த உச்சிக்குப் போகும் சில நொடிகளுக்கு. முதல் கியரிலேயே அந்த உச்சியைத் தொட்டால் வேகம் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சாதாரணச் சாலையில் அந்த எஞ்சினின் சிறந்த பகுதியைத் தொடவே முடியாது என்பதுதான் இதன் பொருள்.

நான் பழைய 600 ஒன்றை முதன்முதலாக ஓட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. லாரியை முந்த ஆறாவது கியரில் த்ராட்டிலைத் திருகினேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கியர் குறைத்ததும் ஊசி 9,000-ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வார்த்தை இல்லை. மயிர்க்கூச்செறியும் சத்தம். அந்த வண்டிகளை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அன்றாடப் பயணத்தில் எப்போதும் இரண்டு கியர் கீழேயே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

சரி, விலைக்கு வருவோம். நீண்ட காலத்தை ஒப்பிட அமெரிக்க டாலர் விலை வசதியானது, பழைய விலைப்பட்டியல்கள் அதில் தெளிவாக உள்ளன. 1999-ல் முதல் ஆர்6-ன் அறிவிக்கப்பட்ட விலை 7,999 டாலர். 2020-ல் கடைசியாகச் சாலைக்கு வந்த ஆர்6 12,199 டாலர். எண்ணை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

ஆனால் 1999-ன் ஒரு டாலரும் இன்றைய ஒரு டாலரும் ஒன்றல்ல. அமெரிக்காவின் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி, 1999-ல் 100 டாலருக்கு வாங்கியதை 2024-ல் வாங்கச் சுமார் 188 டாலர் வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 2.5 சதவீதம்தான். கேட்கச் சின்ன எண், ஆனால் 25 ஆண்டு வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. அந்தக் கணக்கில் 1999-ன் 7,999 டாலர் 2024-ல் சுமார் 15,000 டாலருக்குச் சமம். இப்போது ஆர்6-க்கு அடுத்துப் பந்தயக் களத்தில் இறங்கியிருக்கும் ஆர்9, 2025-ல் 12,499 டாலருக்கு வந்தது. கூடுதல் சி.சி., ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), வண்ணத்திரை, சாய்வை உணரும் கருவி எல்லாம் சேர்த்து. ஆர்7 அறிமுகமானபோது 8,999 டாலர். 1999-ன் பணத்தில் சொன்னால் ஏறத்தாழ 5,500.

ஆக, விலைச்சீட்டு எண் ஏறியது உண்மை. பணவீக்கத்தைக் கழித்தால் குறைந்தே இருக்கிறது. தம்பிக்கு இதை நம்புவது கஷ்டமாக இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. நாம் விலையைப் பணவீக்கக் குறியீட்டோடு ஒப்பிடுவதில்லை, நம் சம்பளத்தோடுதான் ஒப்பிடுகிறோம். சம்பளம் அதே வேகத்தில் ஏறாதவருக்கு வண்டி எட்டாத உயரத்துக்குப் போனது போலத்தான் இருக்கும், அந்த உணர்வு பொய்யும் அல்ல. அப்புறம், வண்டி தயாராகும் நாட்டுக்கு வெளியே வாங்குபவருக்கு நாணய மாற்று விகிதம், சுங்க வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் மேலே ஏறும். தொழிற்சாலை ஒரு காசுகூட ஏற்றாமலேயே உங்கள் ஊர் விலை ஏறலாம்.

சரி, உற்பத்தியாளர் பக்கம் உண்மையாகவே ஏறிய செலவுகள் என்ன? முதலாவது புகை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், 600 நான்கு சிலிண்டர் வகையை ஓரங்கட்டியது இதுதான். அதிவேகத்தில் சுழலும் எஞ்சினுக்குள் காற்று நுழையக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும்படி, வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டை வடிவமைப்பார்கள். 14,000 ஆர்.பி.எம்.-ல் இது அற்புதமாக வேலை செய்யும். 3,000 ஆர்.பி.எம்.-ல் அதே இடைவெளி வழியாக எரியாத பெட்ரோல் நேராகச் சைலன்ஸருக்குள் நழுவிவிடும். புகைச் சோதனையில் பிடிபடுவது அந்த நழுவல்தான். ஐரோப்பாவின் யூரோ 3 விதியில் பெரிய பைக்குகளுக்கு ஹைட்ரோகார்பன் வரம்பு கிலோமீட்டருக்கு 0.3 கிராம். யூரோ 5-ல் 0.1 கிராம். யூரோ 5 புதிய மாடல்களுக்கு 2020-லும், விற்பனையில் இருந்த எல்லா வண்டிகளுக்கும் 2021-லும் அமலுக்கு வந்தது. ஆர்6 ஐரோப்பியச் சாலையிலிருந்து 2020-ஓடு விடைபெற்றது தற்செயல் அல்ல. ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் அதற்கு முன்பே, யூரோ 4 வந்தபோதே ஐரோப்பாவை விட்டுப் போய், 2024-ல்தான் திரும்பியது.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். 2021-ன் தொடக்கத்தில் ரோடியத்தின் விலை தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் போனது. வண்டிக்குத் தேவைப்படும் அளவு மிகக் கொஞ்சம்தான், ஆனாலும் செலவு செலவுதான்.

இரண்டாவது மின்னணுக் கருவிகள். த்ராட்டில் கேபிளுக்குப் பதில் மோட்டார் வைத்துக் கணினி வழியே எஞ்சினுக்குக் காற்று விடும் முறையை 2006 ஆர்6 கொண்டுவந்தது. பிறகு ஏபிஎஸ், ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காப்பது), ஓட்டும் மோடுகள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஐஎம்யூ எனப்படும் சின்னப் பெட்டி. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, மூக்கு தாழ்கிறதா எழும்புகிறதா என்று நொடிக்குப் பல தடவை அளந்து சொல்வது அது. வளைவில் சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிமானத்தில் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடும். பிரேக்குக்கு மிச்சமிருப்பது கொஞ்சம். சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு இது தெரியாது. ஐஎம்யூ உள்ள ஏபிஎஸ்ஸுக்குத் தெரியும், அதற்கேற்பப் பிரேக் அழுத்தத்தை அளந்து விடும். இந்த வளைவு ஏபிஎஸ் முதலில் வந்தது 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில். விலை உயர்ந்த பெரிய வண்டிகளில் இருந்தது, மெல்ல நடுத்தர வகைக்கும் இறங்கியிருக்கிறது.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு புதிய எஞ்சினை வடிவமைக்க, அச்சு வார்க்க, சோதிக்க ஆகும் செலவு, எத்தனை வண்டி விற்றாலும் ஏறக்குறைய அதேதான். அந்தச் செலவு 100 பேருக்குப் பங்கானால் ஒரு கணக்கு, 20 பேருக்குப் பங்கானால் ஐந்து மடங்கு. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு 600 ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குபவர்கள் குறைந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு புது மாடல் என்ற ஓட்டம் நின்றது. சுஸுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600, 2011-ல் வந்த வடிவத்திலேயே பெரிய மாற்றமில்லாமல் ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது.

இந்த மூன்றையும் ஒரே அடியில் சமாளிக்கத் தயாரிப்பாளர்கள் கண்ட வழிதான் இன்றைய வண்டிகள்: ஸ்போர்ட்ஸ் பைக்குக்கென்று தனி எஞ்சின் செய்யாமல், நாலைந்து வகை வண்டிகளுக்குப் பொதுவான எஞ்சினை எடுத்துக்கொள்வது. ஆர்7-ல் இருப்பது 2014-ல் யமஹாவின் எம்டி-07 பைக்கில் வந்த 689 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். அதுவேதான் டெனெரே 700 என்ற மண்பாதை வண்டியிலும் இருக்கிறது. சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர்-ன் 776 சி.சி. எஞ்சின் வி-ஸ்ட்ராம் 800-லும் உண்டு. டிரையம்ஃப் 2024-ல் கொண்டுவந்த டேடோனா 660, அதன் இன்னொரு பைக்கான ட்ரைடென்ட்டின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் வந்தது. அப்ரிலியா இன்னொரு வழி பிடித்தது: தன் 1100 சி.சி. வி4 எஞ்சினின் (நான்கு சிலிண்டர், ‘V’ வடிவில்) முன்பாதியை அடிப்படையாக எடுத்து 659 சி.சி. ஆர்எஸ்660 செய்தது. பந்தய விதியும் வழிவிட்டது. 2022 முதல் உலக சூப்பர்ஸ்போர்ட்டில் டுகாட்டி பானிகாலே வி2 போன்ற பெரிய எஞ்சின்களையும் சேர்த்துக்கொண்டு, திறனைச் சமன் செய்து ஓடவிடுகிறார்கள்.

இனி தம்பியின் 118-க்கும் 73-க்கும் வரலாம். கடைசிக் கால ஆர்6 தந்த உச்ச டார்க் 61.7 நியூட்டன் மீட்டர். அது வருவது 10,500 ஆர்.பி.எம்.-ல். ஆர்7-ன் உச்ச டார்க் 67 நியூட்டன் மீட்டர், 6,500 ஆர்.பி.எம்.-லேயே வந்துவிடுகிறது. டார்க் என்பது த்ராட்டிலைத் திருகியதும் முதுகில் உணரும் தள்ளல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறன் என்பது அந்தத் தள்ளலை எவ்வளவு வேகமான சுழற்சியிலும் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பது. தினசரி ஓட்டுபவர் 4,000 ஆர்.பி.எம்.-க்கும் 7,000-க்கும் இடையில்தான் பெரும்பாலும் இருப்பார். அங்கே 73 குதிரை வண்டி, 118 குதிரை வண்டியைவிட வலுவாக இழுக்கும். பந்தயத் தடத்தின் நேர்ப்பாதையில் கதை தலைகீழ், ஆர்6 கண்காணாத தூரம் போய்விடும். இரண்டும் உண்மை. எங்கே ஓட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்து அதே பணத்துக்குக் கிடைக்கும் மதிப்பு மாறுகிறது.

நான்கு சிலிண்டர் ஆசையை இது தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆசை உள்ளவர்களுக்குக் கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர், சிபிஆர்600ஆர்ஆர் இரண்டும் இன்னும் உள்ளன. கேட்டதும் உடல் சிலிர்க்கும் சத்தத்துக்காகப் பணம் கொடுப்பது தவறே இல்லை. அதற்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

பொது எஞ்சினால் மிச்சமான பணம் எல்லாம் விலைக் குறைப்பாக வந்துவிடுகிறதா என்றால், இல்லை. வேறு இடங்களிலும் கத்தரி போட்டிருப்பார்கள், அதை ஷோரூமிலேயே கண்ணால் பார்க்கலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலையைப் பாருங்கள். சில வண்டிகளில் அங்கே வண்ணம் பூசிய அறுகோண நட்டும், நடுவில் சின்னத் திருகும் இருக்கும். பெரும்பாலும் நட்டு ஸ்பிரிங்கின் இறுக்கத்துக்கு, திருகு ஃபோர்க் திரும்பி எழும் வேகத்துக்கு. திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் க்ளிக் க்ளிக் என்று ஒவ்வொரு படியாக நிற்கும். உங்கள் எடைக்கும் சாலைக்கும் ஏற்ப வண்டியை மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம். வேறு சிலவற்றில் வழுவழுப்பான மூடி மட்டும் இருக்கும். தொழிற்சாலை வைத்ததுதான் வேதவாக்கு. ஆர்7-லும் ஆர்9-லும் ஃபோர்க்கைச் சரிசெய்யலாம். ஜிஎஸ்எக்ஸ்-8ஆர்-ல் முன்பக்கம் எதையும் திருப்ப முடியாது.

அதே போல ஃப்ரேம். எஃகுக் குழாயை வளைத்துப் பற்றவைப்பது மலிவு, ஆர்7-ம் ஜிஎஸ்எக்ஸ்-8ஆர்-ம் அப்படி. ஆர்எஸ்660, ஆர்9 இரண்டிலும் அலுமினிய ஃப்ரேம். எஃகு என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம், சாலையில் ஓட்டும் வேகத்துக்கு நல்ல எஃகு ஃப்ரேம் தாராளம். என்னைக் கேட்டால் ஃப்ரேமுக்குக் கூடுதல் பணம் தர மாட்டேன், சஸ்பென்ஷனுக்குத் தருவேன். வளைவு ஏபிஎஸ்ஸுக்கு இன்னும் தாராளமாகத் தருவேன், ஏனென்றால் அதன் தேவை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வரலாம், அந்த ஒரு முறை போதும். பெரிய வண்ணத்திரைக்கும் கைபேசி இணைப்புக்கும் ஒரு பைசா கூடக் கொடுக்க மாட்டேன்.

வாங்கிய பிறகு வரும் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் டயர் மென்மையான ரப்பர்; நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். பின்டயர் முன்டயரைவிட முந்தித் தேயும். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே ஃபேரிங் விரிசல், லீவர் முறிவு, கால்வைக்கும் கம்பி வளைவு. காப்பீட்டுக் கட்டணம் இந்த வகைக்கு ஏன் அதிகம் என்பது அந்த ஒரு பில்லைப் பார்த்தால் புரியும். வால்வு இடைவெளியைச் சோதிக்கும் சர்வீஸ் இன்னொன்று. நான்கு சிலிண்டர், 16 வால்வு என்றால் வேலைநேரம் கூடும். இரட்டைச் சிலிண்டர், எட்டு வால்வு என்றால் குறையும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டிக்கு வண்டி மாறும். 2025-ல் வந்த புதிய பானிகாலே வி2-க்கு டுகாட்டி சொல்லும் இடைவெளி 30,000 கிலோமீட்டர்.

மதிப்பைக் கணக்கிட எனக்குப் பிடித்த வழி மிக எளிது. வாங்கும் விலையிலிருந்து, சில ஆண்டு கழித்து விற்றால் கிடைக்கக்கூடியதைக் கழியுங்கள். அதுதான் வண்டிக்காக நீங்கள் உண்மையில் செலவழித்தது. ஒரு கற்பனைக் கணக்கு: முதல் வண்டி 100 ரூபாய், நான்கு ஆண்டு கழித்து 60-க்கு விற்கிறது. இரண்டாம் வண்டி 80 ரூபாய், அதே காலத்தில் 35-க்குத்தான் போகிறது. முதலாவதன் செலவு 40, இரண்டாவதன் செலவு 45. விலை குறைந்த வண்டிக்கு அதிகம் செலவாகிவிட்டது. அதோடு டயர், சர்வீஸ், காப்பீடு சேர்த்து, ஓட்டப்போகும் கிலோமீட்டரால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது என்று கிடைத்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் ஓட்டுபவருக்கு அந்த எண் திகைக்க வைக்கும். அவருக்கு ஒன்றிரண்டு ஆண்டு ஓடிய வண்டியோ, விற்காமல் நிற்கும் போன வருட மாடலோதான் பொருத்தம். முதல் ஆண்டில் விழும் மதிப்பை வேறொருவர் ஏற்கெனவே சுமந்திருப்பார்.

தம்பி போன ஞாயிறு மறுபடி ஷோரூமுக்குப் போயிருக்கிறார். இந்த முறை விற்பனையாளரிடம் குதிரைத்திறனைக் கேட்கவில்லையாம். சர்வீஸ் அட்டவணையைக் காட்டச் சொல்லி, வால்வுச் சோதனை எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடியிருக்கிறார். ஃபோர்க்கின் தலையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "அண்ணா, இந்தத் திருகு எதுக்கு?" என்று கேட்டிருந்தார்.